வாங்காத பங்கு

எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் பேசலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிற கீழ்நாட்டுக்காரர்கள் எல்லாரும், "பேசினதுக்காகவா இப்படிச் செஞ்சாங்க?" என்று பதறுகிறார்கள். பேசினதற்காக இல்லை. என் அண்ணன் சாமியைக் கல் என்றான். பூசாரியை ஊரை ஏய்க்கிறவர் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னான். ஒருவரும் அவன்மேல் கை வைக்கவில்லை. உட்கார இடம் விட்டு, வெற்றிலை கொடுத்துக் கேட்டார்கள். "உங்கண்ணன் நல்லாப் பேசறான் கண்ணு" என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

சண்டைக் காலம் அது. வெள்ளைக்காரன் எங்கேயோ யாருடனோ சண்டை போட்டான், அதனால் கொல்லிமலையில் எங்களுக்குத் தீப்பெட்டி இல்லாமல் போயிற்று. அடுப்பு நெருப்பைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்துக் காப்போம். அணைந்துவிட்டால் உடைந்த பானையின் ஓட்டாஞ்சில்லை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கி வருவோம். நான் அப்போதுதான் அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். வாசலூர்பட்டியில் வாழப்போனவள், வருஷம் திரும்புவதற்குள் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நான் அழாததைப் பார்த்து ஏமாந்து போனார்கள். பல் பிடுங்கின இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல என்னை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஒன்றும் வலிக்காது.

வீட்டில் அப்பா, அண்ணன், நான். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா மிளகு பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டையாகப் படுத்திருந்தார். படுத்தபடியே எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவார். கோழி எங்கே முட்டையிடுகிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

எங்கள் நோம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வருஷத்துக்கு இரண்டு நோம்பி. விதைக்கிறதற்கு முன்னால் ஆடியில் ஒன்று, சாமை அறுத்து முடித்தபின் ஒன்று. ஊருக்கு மேற்கே இருக்கும் பாறையில் சாமிக்குக் கிடா வெட்டுவார்கள். வெட்டின கறியை அங்கேயே பாறைமேல் மந்தாரை இலைகளில் பங்கு வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்பதெல்லாம் கிடையாது. ஒண்டியாய்க் கிடக்கும் கிழவனுக்கும் அதே பங்குதான். ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு, எலும்பு, தோல் எல்லாம் எல்லா இலையிலும் இருக்கும். வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாங்குவார்கள். வாங்கிவிட்டால் ஊர் உண்டு. ஊர் உண்டென்றால் அடுப்புக்கு நெருப்பு உண்டு, களை வெட்ட ஆள் உண்டு, செத்தால் தூக்கத் தோள் உண்டு. ஒரே கிடாயில் தின்றவர்கள்தான் ஒருவரை ஒருவர் தூக்கலாம் என்பது எங்கள் ஊர்க்கட்டு.

பங்கு வாங்குகிற கை வீட்டுக்கு ஒன்றுதான். அந்த வீட்டு ஆம்பளை கை. பெண்கள் பாறைக்குப் போவதில்லை. அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்ததும் அவரை ஒரு தரம் கம்பில் கம்பளி கட்டின டோலியில் பாறைக்குத் தூக்கிப் போனார்கள். அவர் தன் இலையை ஊர் பார்க்க அண்ணன் கையில் வைத்தார். அதோடு கை மாறிவிட்டது. மாற்றிக் கொடுத்த கையைத் திரும்ப வாங்க முடியாது. அன்றைக்கு அப்பா முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அண்ணன் மிளகும் பலாவும் சுமந்துகொண்டு சேந்தமங்கலம் சந்தைக்குப் போய்வருவான். பலா இல்லாத மாதங்களில் அங்கே ஒரு மண்டியில் மூட்டை தூக்குவான். எழுத்து படித்ததும் அங்கேதான். சந்தைத் திடலில் சாயங்காலங்களில் சிலர் பெட்டிமேல் ஏறி நின்று சாமி இல்லை, சாதி இல்லை என்று பேசுவார்களாம். அவன் மூட்டையை இறக்கிவிட்டு நின்று கேட்பான். மலைக்கு வந்ததும் அத்தனையையும் என்னிடம் ஒப்பிப்பான். அடுப்புக்கரியால் சுவரில் எழுதி எனக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். இதை எழுதுகிற எழுத்து அவன் கொடுத்ததுதான்.

ஆனால் அவன் கோபம் சந்தையில் வாங்கி வந்த கோபம் இல்லை. அம்மாவுக்கு மலைக்காய்ச்சல் வந்தபோது கீழே ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போக அவன் மூங்கில் வெட்டி டோலிக் கம்பு செய்து வைத்தான். பூசாரி சாமியிடம் வாக்குக் கேட்டுவிட்டு, நோம்பி சாட்டினால் அது முடிகிறவரை நோயாளி எல்லை தாண்டக்கூடாது, சாமியே பார்த்துக்கொள்ளும் என்றார். சாமி பார்த்துக்கொண்டே இருந்தது. நோம்பி முடிந்த மறுநாள் அம்மா செத்தாள். கம்பை அண்ணன் பரணில் போட்டான், நாங்கள் யாரும் அதை எடுக்கவில்லை.

அதனால் ஊர் கூடுகிற மந்தையில் அவன் பேசும்போது எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பேசட்டும், ஆறட்டும் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் பூசாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "எங்கம்மாவக் கொன்னது காய்ச்சல் இல்லீங்க, உங்க வாக்கு" என்றான். பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆமா சாமி. அன்னைக்கு நாஞ் சொன்னது தப்பாத்தான் போச்சு. அனுப்பியிருக்கோணும்."

"அப்பறம் எதுக்கு இன்னும் வாக்குச் சொல்றீங்க?"

"கேக்க வாராங்களே. நீ வேண்டான்னு சொல்லு. நான் உன் வாயப் பொத்தறனா?"

எல்லாரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கம்பங்கூழைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "ஒருத்தனுக்காச்சும் கோபம் வரோணுமே. வர மாட்டேங்குதே" என்றான். திட்டினால் திருப்பித் திட்டலாம், அடித்தால் திருப்பி அடிக்கலாம். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மறுநாள் பழையபடியே கிடா வெட்டுகிறவர்களை என்ன செய்வது? அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த வருஷம் ஆடி நோம்பிக்கு நான் மிளகும் மல்லியும் வறுத்து மசால் அரைத்து வைத்துக் காத்திருந்தேன். அண்ணன் வெறுங்கையோடு வந்தான். பாறையில் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எங்கள் வீட்டைக் கூப்பிட்டாராம். அண்ணன், "எங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க" என்றானாம். ஊர்க்கவுண்டர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கூப்பிட்டாராம். மறுபடியும் வேண்டாம் என்றானாம். அப்படி ஒருவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. என்ன செய்வது என்று ஊர்க்கவுண்டருக்கே தெரியவில்லை. இலையைப் பாறைமேலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். சாயங்காலம் வரைக்கும் அந்த இலை அங்கேயே இருந்ததாம், அண்ணன் மனம் மாறி வருவான் என்று. அப்புறம் காக்கை தின்றது.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரைத்த மசாலை என்ன செய்வது என்பதுதான் அப்போது என் யோசனை. கத்தரிக்காயில் போட்டேன். நன்றாக இல்லை.

யாராவது வந்து சத்தம் போடுவார்கள் என்று அண்ணன் வாசலில் தயாராய் உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை. இரண்டொரு நாள் கழித்து எங்கள் அடுப்பு அணைந்தது. ஓட்டாஞ்சில்லோடு பக்கத்து வீட்டு அத்தையிடம் போனேன். அத்தை என்னை உட்கார வைத்து, அப்பாவுக்கு எப்படி இருக்கிறது, முதுகில் புண் வந்திருக்கிறதா, என்ன எண்ணெய் தடவுகிறாய் என்று எல்லாம் கேட்டாள். நான் எழுந்து ஓட்டாஞ்சில்லை நீட்டினதும் தரையைப் பார்த்தாள்.

"பங்கு இல்லாத ஊட்டுக்கு எப்படிக் கண்ணு நெருப்புக் குடுக்கறது?"

"சரிங்கத்தை."

"கோவிச்சுக்காத சாமி. இரு, இன்னுங் கொஞ்சம் பேசிட்டுப் போ."

இருந்து பேசிவிட்டுத்தான் வந்தேன். அண்ணன் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி நெருப்பு எடுக்கப் பழகிக்கொண்டான். களைவெட்டுக்கு ஆள் வரவில்லை. நாங்கள் இருவருமே குனிந்து வெட்டினோம். வரப்போரம் போகிறவர்கள் நின்று, அந்த மூலையில் கோரை அதிகம், முதலில் அதை எடுங்கள் என்று யோசனை சொல்வார்கள். அண்ணன் மந்தைக்குப் போனால் முன்போலவே இடம் விட்டார்கள். பேசச் சொன்னார்கள், கேட்டார்கள், சிரித்தார்கள். ஊர் எங்களைத் தள்ளி வைக்கவே இல்லை. அத்தனையும் அப்படியே இருந்தது. கை மட்டும் நீளவில்லை. பேசாமல் ஒதுக்கியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். இது எந்தப் பக்கம் உறைக்க வேண்டும் என்றே தெரியவில்லை.

சாமை பால் பிடிக்கிற சமயத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் நான் அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது சொன்னார்.

"எனக்கு நாலு தோள் வேணும் கண்ணு. வேற ஒண்ணுங் கேக்கல."

"அதுக்கு இப்ப என்னங்கப்பா?"

"ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம நாந் தூக்கியிருக்கறேன். உங்கம்மாவத் தூக்குனப்ப முன்கம்பு நான்தான். என்ன நாய் மாதிரி இழுத்துக்கிட்டுப் போயிராதீங்க."

நான் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் அப்பாவோடு சின்ன வயதில் மாடு மேய்த்தவர். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். வேண்டாம் என்ற கை வந்து வாங்கினால் அந்த நிமிஷமே எல்லாம் சரியாகிவிடும், அறுப்பு நோம்பிக்கு வரச் சொல்லு என்றார். "சாமிய நம்பச் சொல்லி நாங்க கேக்கலியே கண்ணு. இங்க எல்லாரும் நம்பறாங்கன்னு யாரு கண்டா? கறிய வாங்கோணும். அவ்வளவுதான்" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். "வாங்கினா நான் பேசினது பூராப் பொய்யாயிரும்" என்றான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. எனக்குச் சாமியும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். அப்பாவுக்குத் தோள் வேண்டும், அண்ணனுக்கு அவன் வார்த்தை வேண்டும். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது, இரண்டு பேர்மேலும் எரிச்சலாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் சந்தைத் திடலில் பேசுகிறவர்கள் சிலர் காளப்பநாயக்கன்பட்டி வழியாக நடந்தே மலையேறி வந்தார்கள். அண்ணன் பங்கை மறுத்தது சந்தைக்குப் போகிறவர்கள் வாயில் விழுந்து அவர்கள் காது வரைக்கும் போயிருந்தது. அவனுக்கு மாலை போட்டார்கள். மூச்சு வாங்கக் குனிந்துகொண்டே, காட்டுமிராண்டிகள் நடுவில் பிறந்த ஒரு மனிதன் என்று பாராட்டினார்கள். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அவங்க எங்க ஊர்க்காரங்க. அவங்க காட்டுமிராண்டின்னா நானும் அப்படித்தான்" என்றான். அவர்கள் சிரித்துச் சமாளித்து, அடிவாரத்து ஊர் ஒன்றில் கூட்டம் இருக்கிறது, வந்து பேச வேண்டும் என்று அழைத்தார்கள். போனான்.

அங்கே அவன் எங்கள் பாறையைப் பற்றிப் பேசியபோது கைதட்டினார்களாம். மலைக்காரன் தன் சாமியைத் தானே திட்டுவது கேட்க நன்றாக இருந்திருக்கும். அடுத்து அந்த ஊர்த் தேரைப் பற்றிப் பேசினான். எங்கள் சாமி கல் என்றால் உங்கள் சாமியும் கல்தானே, எங்கள் பாறையில் எல்லாருக்கும் ஒரே பங்கு, உங்கள் தேர்வடத்தை எல்லாரும் தொட விடுகிறீர்களா என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் கல் வந்தது. மலைக்காரப் பயல் எங்கள் சாமியைப் பேசுவதா என்று அந்த ஊர் வெள்ளை வேட்டிக்காரர்கள் மேடைமேல் ஏறி அடித்தார்கள். மாலை போட்டவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. உதடு கிழிந்து, ஒரு பல் போய், நொண்டிக்கொண்டே மலையேறி வந்தான்.

எங்கள் ஊரே வாசலில் கூடிவிட்டது.

"பேச்சுக்கா அடிச்சாங்க?" என்று ஊர்க்கவுண்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு நம்ப முடியவில்லை. "ஏனுங்க, வெறும் பேச்சுக்கா?"

ஆளாளுக்கு மருந்து சொன்னார்கள். இந்தத் தழையை அரைத்துப் போடு, அந்தப் பட்டையைக் கொதிக்க வைத்துக் கொப்பளி என்றார்கள். தழையை யாரும் பறித்துத் தரவில்லை. நான்தான் போய்ப் பறித்து வந்தேன்.

அடிபட்டு வந்தபின் அண்ணன் மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. சாமை அறுக்கும்போது ஒரு நாள் அரிவாளை வைத்துவிட்டு நிமிர்ந்து, "வாங்கிக்கறேன்" என்றான். "அப்பாவுக்காக வாங்கறேன். ஆனா ஏன் வாங்கறேன்னு சொல்லிட்டுத்தான் வாங்குவேன். சாமிக்குப் பயந்துட்டான்னு ஒருத்தன் சொல்லப்படாது." ஊர்க்கவுண்டரிடம் போய் இதைச் சொன்னபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. "சொல்லு சாமி, எவ்வளவு வேணும்னாலும் சொல்லு. யாரு வேண்டாங்கறா?" என்று அவன் முதுகைத் தடவினார். நான் வந்து சொன்னதும் அப்பா வெகுநாளைக்குப் பிறகு கூழை முழுதாகக் குடித்தார்.

அறுப்பு நோம்பி அன்றைக்கு அப்பாவுக்குக் காலையிலிருந்தே சரியில்லை. அண்ணன் தயங்கினான். அப்பா கையை ஆட்டிப் போகச் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் பாறைக்கும் நடுவில் அறுத்த காடுதான். மேலக்காற்று அடித்தால் பாறையில் பேசுவது வீட்டில் கேட்கும். அன்றைக்குக் காற்று இருந்தது. கிடா வெட்டினபோது கொட்டுச் சத்தம் கேட்டது. வீடு வீடாகக் கூப்பிடுவதும் கேட்டது. எங்கள் வீட்டைக் கடைசியில் கூப்பிட்டார்கள், அவன் சாவகாசமாகப் பேசட்டும் என்று. அண்ணன் குரல் எழும்பியது.

"முடிச்சானா?" என்றார் அப்பா.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கறாங்கப்பா."

மழை பெய்யாத வருஷமும் கிடா வெட்டினோமே, சாமி திருப்பிக் கொடுத்ததா என்று கேட்டான். பாறையில் சிரிப்புக் கேட்டது. பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினான். அம்மா கடைசி நாளில் தண்ணீர் கேட்டதை, டோலிக் கம்பு பரணுக்குப் போனதை. அதை அவன் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஈரம் வழிந்தது. நான் முந்தானையால் துடைத்தேன்.

"முடிச்சானா கண்ணு?"

"முடிக்கப் போறாங்கப்பா."

நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மூச்சு ஒன்று உள்ளே போனது, வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அப்பா போய்விட்டார்.

சாவு விழுந்தால் பெண்பிள்ளை குரலெடுத்து அழ வேண்டும், அதுதான் ஊருக்குத் தகவல். நான் அழவில்லை. அழுகை வரவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, சாவு வீடு பங்கு வாங்க முடியாது. தீட்டுக் கழியும்வரை அந்த வீட்டுக் கையில் இலை கொடுக்க மாட்டார்கள். சத்தம் இல்லாதவரை எங்கள் வீட்டில் சாவு இல்லை. அப்பாவின் கையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாறையில் அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான். அடிவாரத்துக்காரர்கள் அடித்ததைச் சொன்னான். அங்கே அடித்தார்கள், இங்கே நீங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களைப் போல ஜனம் எங்கேயும் இல்லை என்று சொன்னான். நன்றாகத்தான் பேசினான். என்னால் இப்போதும் அதை வரிவரியாகச் சொல்ல முடியும். முடி அண்ணா, முடி அண்ணா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு பேச்சு முடிய வேண்டும் என்று அப்படி வேண்டிக்கொண்டதில்லை. யாரிடம் வேண்டினேன் என்று கேட்டால் தெரியாது.

அப்போது பக்கத்து வீட்டு அத்தை முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். கையில் ஓட்டாஞ்சில்லு நிறைய நெருப்பு. பங்கு வாங்கின நிமிஷமே எங்கள் அடுப்பில் போட வேண்டும் என்று தயாராக எடுத்து வந்திருந்தாள். வாசல் தாண்டாமல் நின்று, "ஏனுங்கண்ணா, உங்க பையன் பாறைக்கு வந்துட்டானுங்க, இதோ வாங்கப் போறானுங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஓட்டாஞ்சில்லு கீழே விழுந்து உடைந்தது. அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். அப்பாமேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். அவள் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. எங்கள் ஊரிலேயே பெரிய குரல் அவளுடையது.

பாறையில் பேச்சு நின்றது.

அங்கே நடந்ததை ஊர்க்கவுண்டர் பிறகு என்னிடம் சொன்னார். அண்ணன் கடைசி வார்த்தைக்கு வந்திருந்தானாம். அவர் இலையை எடுத்து இரண்டு கையிலும் ஏந்தி நின்றாராம். அண்ணன் கையை நீட்டப்போன சமயத்தில் அலறல் கேட்டது. எந்த வீடு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் இலையைத் திரும்பப் பாறைமேல் வைத்துவிட்டார். "நான் வேற என்ன கண்ணு பண்ணறது?" என்றார்.

பரணிலிருந்த மூங்கிலை அண்ணன் இறக்கினான். பாடை கட்டினால் நாலு தோள் வேண்டும். எங்களிடம் இருந்தது இரண்டு. அப்பாவைக் கம்பளியில் வைத்து டோலி கட்டினோம், நோயாளியைக் கட்டுவதுபோல. முன்னால் அண்ணன், பின்னால் நான். பெண் தோள் கொடுப்பது எங்கள் பக்கம் கிடையாது. அதற்கும் ஒருவரும் தடை சொல்லவில்லை. ஊர் முழுக்க எங்களோடு நடந்து வந்தது. அழுதார்கள். அப்பாவின் நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். "பாத்து கண்ணு, அங்க கல்லு இருக்குது. எடது பக்கம் ஒதுங்கி வா." "கொஞ்சம் தாழ்த்திப் புடி சாமி, கெளை இடிக்கும்." கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். இறக்கத்தில் அப்பாவின் பாரம் முழுதும் முன்னால் போய் அண்ணன் முழங்கால் மடிந்தது. ஐயோ என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். டோலி தரையில் உரசியது. யாரோ ஒரு பெரியவர் தாங்கக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தி அழுதார். அண்ணன் எழுந்தான். நடந்தோம்.

குழியை அண்ணனே வெட்டினான். எங்கே மண் இளக்கம் என்று அவர்கள் காட்டினார்கள். திரும்பி வரும்போது பூசாரி என் பக்கத்தில் நடந்து வந்தார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்கு. "இன்னைக்கு உங்கண்ணன் பேசுனது இருக்குதே கண்ணு, அப்படி அவன் இதுக்கு முன்னால பேசுனதில்ல. எனக்கே கண்ணுல தண்ணி வந்திருச்சு" என்றார். ஆமாங்க என்றேன். தோளில் கம்பு அழுத்தின இடம் வீங்கியிருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு என் உடம்பில் ஒரு இடம் வலித்தது.

அடுத்த ஆடி நோம்பிக்கு எங்கள் வீட்டைக் கூப்பிட்டார்கள். அண்ணன் போய்க் கையை நீட்டினான். ஊர்க்கவுண்டர் இலையைக் கொடுக்காமல், "ஏதாச்சும் சொல்லோணுமா சாமி?" என்று கேட்டாராம். "ஒண்ணுமில்லீங்க" என்றானாம். இருந்தாலும் எல்லாரும் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றார்களாம். அதற்குப் பிறகு அவன் மந்தையில் பேசவே இல்லை. ஏன் பேசுவதில்லை என்று ஊரில் அவனிடம் குறைபட்டுக்கொள்வார்கள்.

அன்று கறியை ஆக்கி அவனுக்குப் போட்டேன். அவன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். அந்த நாளைப் பற்றி அதுவரை அவன் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

"அப்பாவுக்கு நான் பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுதுங்கண்ணா."

"எது வரைக்கும்?"

"அம்மா தண்ணி கேட்டதச் சொன்னீங்கல்ல, அது வரைக்கும்."

தலையை ஆட்டினான். அதற்குப் பிறகும் எவ்வளவு நேரம் பேசினோம் என்று அவன் மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.